மறைத்தலும் காத்தலும்: பகிரப்படும் விரிதாள்களில் தகவல் பாதுகாப்பு

இந்திய ஆட்சித்துறையில் இன்று பெரும்பாலான புள்ளிவிவரங்கள் ஏதேனும் ஒரு நிலையில் விரிதாளின் வழியாகவே செல்கின்றன. வட்டார அலுவலகத்தில் தொகுக்கப்படும் பயனாளிகள் பட்டியல், மாவட்டத் தலைமையகத்தில் தயாராகும் செலவினக் கணக்கு, மாநிலத் தலைநகரிலிருந்து மத்திய அமைச்சகத்திற்குச் செல்லும் முன்னேற்ற அறிக்கை ஆகியவை எக்செல், கூகிள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க் போன்ற மென்பொருள்களில் உருவாக்கப்படுகின்றன. பல தாள்களைக் கொண்ட ஒரே பணிப்புத்தகத்தைப் பல அலுவலகங்கள் பகிர்ந்துகொண்டு, ஒரே நேரத்தில் திறந்து நிரப்புவதும் வழக்கமாகிவிட்டது.

இத்தகைய பணிப்புத்தகத்தில் எல்லோரும் காண வேண்டிய செய்திகளும், சிலர் மட்டுமே காணத்தக்க செய்திகளும் அடுத்தடுத்த பத்திகளில் இடம் பெறுகின்றன. பின்னவற்றைக் காப்பதற்காக அலுவலர்கள் பொதுவாகச் செய்வது யாது? பத்தியை மறைத்துவிடுகின்றனர், அல்லது தாளைப் பூட்டி ஒரு கடவுச்சொல் இடுகின்றனர். இவ்விரு செயல்களும் உண்மையில் எந்த அளவுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது, அலுவலர்களுக்கும் பொருளியல், வணிகவியல், பொது நிர்வாகம் பயிலும் மாணவர்களுக்கும் இன்றியமையாததாகும்.

பேரேடும் விரிதாளும்

காகிதப் பேரேடு வழக்கில் இருந்த காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. பேரேட்டிலிருந்து ஒரு பகுதி கேட்கப்பட்டால், எழுத்தர் அப்பகுதியை மட்டும் வேறு தாளில் படியெடுத்துக் கொடுப்பார். படியெடுக்கப்படாதது அலுவலகத்தை விட்டு வெளியே செல்லாது. கொடுப்பதும் கொடாதிருப்பதும் எழுத்தரின் கையெழுத்திலேயே முடிவாகிவிடும்.

1979ஆம் ஆண்டில் டான் பிரிக்ளின், பாப் பிராங்க்ஸ்டன் ஆகியோர் உருவாக்கிய விசிகால்க் என்னும் மென்பொருள் தனிக் கணிப்பொறிகளில் விரிதாளுக்கு வழி திறந்தது. 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் எக்செல் ஆகியவை தொடர்ந்தன. இவற்றால் கூட்டல் கழித்தல் வேலை பெரிதும் குறைந்தது உண்மையே. ஆனால் கொடுக்கும் முறையில் ஓர் அடிப்படை மாற்றமும் உடன் வந்தது. விரிதாளை அனுப்புபவர் பேரேட்டின் படியை அனுப்புவதில்லை, பேரேட்டையே அனுப்புகிறார். திரையில் தெரியும் பக்கம், அதன் பின்னால் இருக்கும் பக்கங்கள், கணக்கிட்ட வழிமுறைகள், அலுவலர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகள் ஆகிய அனைத்தும் ஒரே கோப்பில் சேர்ந்து செல்கின்றன. பழைய எழுத்தர் படியெடுக்காமல் விட்டதன் மூலம் தானாகவே கிடைத்த பாதுகாப்பை, இன்றைய அலுவலர் தனி முயற்சியால் பெற வேண்டியுள்ளது.

அதற்கென விரிதாள் மென்பொருள்கள் மூன்று வசதிகளைத் தருகின்றன. அவை மறைத்தல், பூட்டுதல், மறையாக்கம் என்பனவாகும். இம்மூன்றும் வெவ்வேறு நோக்கங்களுக்காக ஏற்பட்டவை. ஒன்றன் பணியை மற்றொன்றிடம் ஒப்படைப்பதாலேயே பெரும்பாலான இடர்ப்பாடுகள் நேர்கின்றன.

மறைத்தல்

வரிசை, பத்தி, தாள் ஆகியவற்றை மறைக்கும் வசதி பார்வையின் எளிமைக்காக ஏற்பட்டது. அறுபது பத்திகள் கொண்ட பட்டியலில் அன்றைய வேலைக்கு வேண்டிய பத்துப் பத்திகளை மட்டும் கண்முன் நிறுத்துவதே அதன் பயன். மறைக்கப்பட்ட பத்தியை மீண்டும் வெளிக்கொணர 'அன்ஹைட்' என்னும் ஒரு கட்டளை போதும். எழுத்தின் நிறத்தை வெள்ளையாக்குதல், எண்ணின் வடிவத்தை மாற்றிக் கட்டத்தை வெறுமையாகத் தோன்றச் செய்தல், வடிகட்டி வைத்துச் சில வரிசைகளை மட்டும் காட்டுதல் ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. கட்டத்தின் மீது சுட்டியை வைத்தவுடன் மேலேயுள்ள சூத்திரப் பட்டையில் உள்ளடக்கம் தோன்றிவிடும்.

எக்செல் மென்பொருளில் 'வெரி ஹிடன்' எனப்படும் மற்றொரு நிலையும் உண்டு. இந்நிலையில் வைக்கப்பட்ட தாளின் பெயர் 'அன்ஹைட்' பட்டியலில்கூட இடம்பெறாது. நிரல் எழுதும் பகுதியைத் திறந்து அத்தாளின் பண்பை மாற்றினால்தான் அது வெளிப்படும். ஒரு தாளில் இருப்பதை மற்றொரு தாளின் சூத்திரத்தில் சுட்டி வரவழைக்கவும் முடியும். எனவே, பணியாளர் தவறுதலாகக் கைவைக்கக் கூடாத துணைப் பட்டியல்களை வைப்பதற்கு இது ஏற்றதே. ஆனால் தேடுவோரிடமிருந்து மறைப்பதற்கு இதுவும் உதவாது.

பூட்டுதல்

தாளைப் பூட்டும் வசதி கைத்தவறுகளைத் தடுப்பதற்காக ஏற்பட்டது. பல கைகள் புழங்கும் பணிப்புத்தகத்தில் இதன் பயன் மிகப் பெரிது. பன்னிரண்டு வட்டாரங்கள் நிரப்பும் ஒரு படிவத்தில், கூட்டுத்தொகைச் சூத்திரத்தின் மீது எவரேனும் நேரடியாக ஓர் எண்ணைத் தட்டச்சு செய்துவிட்டால், மாவட்டக் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும். இப்பிழை பல மாதங்கள் வெளியே தெரியாமலும் இருக்கலாம்.

பூட்டும் முறையில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. எக்செல் தாளில் எல்லாக் கட்டங்களும் தொடக்கத்திலேயே 'பூட்டத்தக்கவை' எனக் குறிக்கப்பட்டுள்ளன; ஆனால் தாளைப் பாதுகாக்கும் கட்டளையைக் கொடுத்த பின்னரே அக்குறி செயற்படத் தொடங்கும். ஆகவே முதலில், பணியாளர் நிரப்ப வேண்டிய கட்டங்களைத் தெரிந்தெடுத்து அவற்றின் குறியை நீக்க வேண்டும். அதன் பின்னரே தாளைப் பூட்ட வேண்டும். இவ்வரிசை மாறினால் எவராலும் எதையும் நிரப்ப இயலாது. பொறுமையிழந்த பணியாளர் பூட்டை முழுவதுமாகக் கழற்றிவிடுவதே முடிவாகும். வடிகட்டுதல், வரிசைப்படுத்துதல் போன்ற அன்றாடச் செயல்களுக்குத் தனித்தனியே அனுமதி வழங்கவும் இடம் உண்டு. பணிப்புத்தகத்தின் கட்டமைப்பைத் தனியாகப் பூட்டினால், தாள்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் மறைந்தவற்றை வெளிக்கொணர்வதும் தடைப்படும்.

இப்பூட்டுக்கு ஒரு கடவுச்சொல்லும் இடலாம் என்பதால், உள்ளே இருப்பது இரகசியமாகிவிட்டது என்ற எண்ணம் எளிதில் தோன்றுகிறது. அது சரியன்று. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் எக்செல் கோப்பு என்பது உண்மையில் பல சிறு எழுத்துக் கோப்புகளை உள்ளடக்கிய ஒரு பொதியாகும். மாணவர் ஒருவர் இதை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். மறைத்துப் பூட்டப்பட்ட தாள் ஒன்றைக் கொண்ட மாதிரிக் கோப்பைப் படியெடுத்து, அதன் பெயரின் இறுதியில் உள்ள வகைக்குறியை 'ஜிப்' என மாற்றித் திறந்தால், அத்தாளில் எழுதப்பட்ட சொற்கள் யாவும் படிக்கத்தக்க வடிவில் உள்ளே கிடக்கக் காணலாம். தாள் பூட்டப்பட்டுள்ளது என்பது அங்கே ஒரு வரிக் குறிப்பாக மட்டுமே இருக்கும். அவ்வரியை அழித்தால் பூட்டும் இல்லை. தாள் பாதுகாப்பு என்பது இரகசியக் காப்புக்கான ஏற்பாடு அன்று என்பதை மைக்ரோசாஃப்ட், கூகிள் ஆகிய இரு நிறுவனங்களுமே தம் வழிகாட்டிக் குறிப்புகளில் தெரிவித்துள்ளன.

மறையாக்கம்

மூன்றாவது வசதியே உண்மையான காப்பாகும். கோப்பைத் திறப்பதற்கே கடவுச்சொல் வேண்டும் என அமைத்தால், மென்பொருள் கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் படிக்க இயலாத வடிவத்திற்கு மாற்றிவிடுகிறது. முன்னர்க் கூறிய சோதனையை இத்தகைய கோப்பில் செய்தால் பொருளற்ற குறிகளே கிட்டும். நீண்ட கடவுச்சொல்லைத் தேர்ந்தெடுத்து, அதைக் கோப்புடன் ஒரே மின்னஞ்சலில் அனுப்பாமல் வேறு வழியில் தெரிவித்தால், இக்காப்பு நம்பத்தக்கதாகும்.

இதனுடன் குழப்பிக்கொள்ளத்தக்க இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. திருத்துவதற்கு மட்டும் கடவுச்சொல் கேட்குமாறு அமைத்த கோப்பை எவரும் திறந்து படிக்கலாம். வேறு பெயரில் சேமித்துத் திருத்தவும் செய்யலாம். 'இறுதியானது' எனக் குறிக்கப்பட்ட கோப்பும் ஓர் அறிவிப்புப் பலகைக்குச் சமமானதே.

மறையாக்கத்திற்கும் ஒரு விலை உண்டு. மறந்துபோன கடவுச்சொல்லை மென்பொருள் நிறுவனத்தாலும் மீட்டுத் தர இயலாது. அலுவலர் மாற்றம் அடிக்கடி நிகழும் அரசு அலுவலகங்களில், பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் இரும்புப் பெட்டியின் சாவிக்கு உள்ள இடம் இத்தகைய கடவுச்சொற்களுக்கும் அளிக்கப்பட வேண்டும். மேலும், கடவுச்சொல் தெரிந்த ஒவ்வொருவருக்கும் கோப்பு முழுவதும் திறந்துவிடும். முதல் தாள் ஒருவருக்கு, இரண்டாம் தாள் மற்றொருவருக்கு எனப் பிரித்துக் கொடுக்கும் ஆற்றல் இக்கடவுச்சொல்லுக்குக் கிடையாது.

ஒரே புத்தகத்தைப் பலர் பயன்படுத்தும்போது

இணையத்தின் வழியே பகிரப்படும் பணிப்புத்தகங்களில் இவ்வுண்மை மேலும் முக்கியத்துவம் பெறுகிறது. இங்கே அனுமதி என்பது கோப்புக்கு வழங்கப்படுகிறது; கோப்பின் ஒரு பகுதிக்கு அன்று. குறிப்பிட்ட தாளையோ கட்டங்களையோ யார் திருத்தலாம் என வரையறுக்க முடியும். யார் படிக்கலாம் என அவ்வாறு வரையறுக்க முடிவதில்லை. கூகிள் ஷீட்ஸில் பார்வையிட மட்டும் அனுமதி பெற்றவர், கோப்பைத் தம் கணக்கிற்குப் படியெடுத்துக்கொண்டு, அப்படியில் மறைந்த தாளை வெளிக்கொணரலாம். படியெடுத்தல், பதிவிறக்கம், அச்சிடுதல் ஆகியவற்றைத் தடை செய்யும் வசதியைக் கோப்பின் உரிமையாளர் பயன்படுத்தினால் இவ்வழி குறுகும். ஆயினும் அதையே முழுக் காப்பாகக் கொள்ளலாகாது.

திருத்தும் அனுமதி உடையோருக்குக் கோப்பின் முந்தைய நிலைகளும் கிடைக்கின்றன என்பதை மறத்தலாகாது. ஓர் எண்ணை இன்று அழித்தாலும், நேற்றைய நிலையைத் திறப்பவர் கண்ணில் அது படும். வேறொரு கோப்பிலிருந்து தேவையான பகுதியை மட்டும் தொடுப்பின் மூலம் வரவழைக்கும் 'இம்போர்ட்ரேஞ்ச்' என்னும் சூத்திரம் பாதுகாப்பானது எனச் சிலர் கருதுகின்றனர். ஒருமுறை இசைவு அளிக்கப்பட்ட பின்னர், வரவழைக்கும் கோப்பைத் திருத்த வல்ல எவரும் மூலக் கோப்பின் எந்தப் பகுதியையும் அதே வழியில் வரவழைத்துக்கொள்ள இயலும் என்பதே உண்மை நிலையாகும்.

தெரியாமல் தங்கிவிடுபவை

அலுவலர் வேண்டுமென்று மறைத்தவை ஒருபுறமிருக்க, அவர் அறியாமலேயே கோப்பில் தங்கிவிடும் செய்திகளும் உண்டு. பெரிய பட்டியலைச் சுருக்கிக் காட்டும் பிவட் அட்டவணை, தான் சுருக்கிய மூலப் பட்டியலின் படி ஒன்றைத் தன்னுள்ளே வைத்துக்கொள்வது வழக்கம். மூலத் தாளை நீக்கிய பின்னரும், கூட்டுத்தொகைக் கட்டத்தின் மீது இருமுறை சொடுக்கினால் தனிநபர் விவரங்கள் புதிய தாளில் விரியக்கூடும். வேறு கோப்புகளோடு தொடுப்பு உள்ள பணிப்புத்தகம், அக்கோப்புகளிலிருந்து பெற்ற மதிப்புகளைச் சேமித்து வைத்திருக்கும். அறிக்கையில் ஒட்டப்பட்ட ஒரு வரைபடம் தன்னுடன் முழுப் பணிப்புத்தகத்தையும் சுமந்து செல்லலாம். கட்டங்களில் இடப்பட்ட குறிப்புரைகளும், கோப்பை எழுதியவரின் பெயரும் இவ்வகையில் அடங்கும்.

எக்செல்லில் உள்ள ஆவண ஆய்வுக் கருவி மறைந்த வரிசைகள், பத்திகள், தாள்கள், குறிப்புரைகள் ஆகியவற்றைத் தேடித் தருகிறது. கோப்பை வெளியே அனுப்புமுன் இதைப் பயன்படுத்துவது நல்ல பழக்கம். எனினும் வெள்ளை நிறத்தில் எழுதியதையும், படத்தின் அடியில் மூடிய கட்டத்தையும் அது சுட்டிக்காட்டும் என எதிர்பார்க்கலாகாது.

நிகழ்ந்தவை தரும் பாடம்

இவ்விடர்கள் வெறும் கற்பனை அல்ல என்பதைப் பல நாடுகளின் அனுபவம் உணர்த்துகிறது. 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் நொடித்தபோது, அதன் தொழிலின் ஒரு பகுதியை பார்க்ளேஸ் வங்கி வாங்கியது. வங்கி ஏற்க விரும்பாத 179 ஒப்பந்தங்கள் எக்செல் பட்டியலில் மறைந்த வரிசைகளாக இருந்தன. நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்காக நள்ளிரவுக் கெடுவுக்குள் அப்பட்டியலைப் பி.டி.எஃப். வடிவத்திற்கு மாற்றியபோது, அவ்வரிசைகள் வெளிப்பட்டு ஏற்கப்பட்ட ஒப்பந்தங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டன. இப்பிழையைச் சரிசெய்ய மீண்டும் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று.

2012இல் இலண்டனின் இஸ்லிங்டன் நகர்ப்பகுதி நிர்வாகம், தகவல் கேட்டு வந்த மனு ஒன்றுக்கு விரிதாளாகவே விடையளித்தது. வெளிப்பார்வைக்குச் சுருக்க அட்டவணைகளாகத் தோன்றிய அதில், வீட்டுவசதி கோரிய 2,000க்கும் மேற்பட்டோரின் தனிப்பட்ட விவரங்கள் தங்கியிருந்தன. அந்நாட்டுத் தகவல் ஆணையர் 2013இல் 70,000 பவுண்டு தண்டத்தொகை விதித்தார்.

இவற்றினும் கடுமையானது 2023 ஆகஸ்ட் 8ஆம் நாள் வட அயர்லாந்தில் நிகழ்ந்தது. பணியாளர் எண்ணிக்கை குறித்த ஒரு மனுவுக்கு விடையாக அந்நாட்டுக் காவல்துறை அனுப்பிய எக்செல் கோப்பில், மறைந்த தாள் ஒன்று இருந்தது. 9,483 அலுவலர்கள், பணியாளர்கள் ஆகியோரின் குடும்பப் பெயர், முன்னெழுத்து, பதவி, பணியிடம் ஆகியவை அதில் அடங்கியிருந்தன. கோப்பை அனுப்புமுன் பார்த்தவர் எவர் கண்ணிலும் அத்தாள் படவில்லை. சில மணி நேரமே அது இணையத்தில் இருந்தது. ஆனால் அதற்குள் அப்பட்டியல் ஆயுதக் குழுவினரின் கைக்குச் சென்றுவிட்டதாகக் காவல்துறைத் தலைவரே சில நாட்களில் தெரிவித்தார். தாம் காவல்துறையில் பணிபுரிவதை அண்டை அயலாரிடமும் சொல்லாமல் வாழ்ந்தவர்கள் அவர்களுள் பலர். 2024 அக்டோபரில் 7,50,000 பவுண்டு தண்டத்தொகை அறிவிக்கப்பட்டது. பொதுத்துறை நிறுவனம் என்ற சலுகை காட்டப்படாதிருப்பின் அத்தொகை 56 இலட்சம் பவுண்டாக இருந்திருக்கும் என ஆணையர் அலுவலகம் குறிப்பிட்டது. மூல விரிதாள்களை அப்படியே பொதுத்தளங்களில் வெளியிடுவதை நிறுத்துமாறும் 2023ஆம் ஆண்டிலேயே அது பொது அமைப்புகளை அறிவுறுத்தியது.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டில், மத்திய, மாநில அரசுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 210 இணையதளங்களில் பயனாளிகளின் பெயர், முகவரி, ஆதார் எண் ஆகியவை பொதுப்பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன எனத் தனித்துவ அடையாள ஆணையம் தகவல் உரிமை மனு ஒன்றுக்கு அளித்த விடையில் தெரிவித்தது. அவை பின்னர் அகற்றப்பட்டன. இது விரிதாளில் மறைந்த பத்தியால் விளைந்தது எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் வெளிப்படைத்தன்மைக்காக வெளியிடப்படும் பட்டியல்களில் எது இடம்பெற வேண்டும் என்பதை முன்கூட்டியே பிரித்து முடிவு செய்யாமையே இங்கும் அடிப்படைக் குறையாகும்.

சட்டம் கூறுவது

2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம், மின்னணு வடிவில் உள்ள செய்திகளையும் தகவலாகவே கொள்கிறது. மின்னணு முறையில் படி பெறவும் குடிமகனுக்கு உரிமை அளிக்கிறது. மானியத் திட்டங்கள் நிறைவேற்றப்படும் முறை, ஒதுக்கப்பட்ட தொகை, பயனாளிகளின் விவரம் ஆகியவற்றை எவரும் கேட்கும் முன்னரே வெளியிட வேண்டும் என அதன் 4ஆம் பிரிவு பணிக்கிறது. மற்றொருபுறம், 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ஆதார் எண்களைப் பொதுவில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது.

வெளியிடு என்பது ஒரு கட்டளை. காப்பாற்று என்பது மற்றொரு கட்டளை. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் வழியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு காட்டுகிறது. கொடுக்கத்தகாத பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டு எஞ்சிய பகுதியைக் கொடுக்கலாம் என்பதே அதன் சாரம். பிரித்தெடுத்தல் என்ற சொல்லின் பொருளை விரிதாளில் செயற்படுத்துவோர் ஆழ்ந்து உணர வேண்டும். மறைக்கப்பட்ட பத்தி பிரித்தெடுக்கப்பட்டதாகாது.

மறைக்கத்தகாதது எது?

பாதுகாப்பு என்ற பெயரில் எல்லாவற்றையும் பூட்டிவிடுவதும் தவறாகும். சூத்திரங்களைப் பிறர் காணாதவாறு மறைக்கும் வசதியும் எக்செல்லில் உண்டு. பயனாளியின் தகுதியை முடிவு செய்யும் கணக்கோ, மாநிலங்களுக்கிடையே நிதியைப் பங்கிடும் கணக்கோ இவ்வாறு மறைக்கப்பட்டால், தணிக்கை செய்பவரும் அடுத்து வரும் அலுவலரும் விடையை மட்டுமே காண்பர். விடைக்கு வந்த வழியைக் காணார்.

இதற்குப் பொருளியல் வரலாற்றில் ஒரு சான்று உண்டு. கடன் சுமை நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டும் நாடுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 விழுக்காடாக இருந்தது என, 20 வளர்ந்த நாடுகளைக் கொண்டு கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய பொருளியல் அறிஞர்கள் 2010இல் எழுதினர். பல நாடுகளில் சிக்கனக் கொள்கைக்கு இம்முடிவு ஆதாரமாகக் காட்டப்பட்டது. 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், மூல ஆசிரியர்களிடமிருந்தே விரிதாளைப் பெற்று ஆராய்ந்தபோது, சராசரி காணும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருப்பதைக் கண்டார். அவரும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் திருத்திக் கணக்கிட்டபோது அந்தச் சராசரி 2.2 விழுக்காடாயிற்று. இவ்வேறுபாட்டின் பெரும்பகுதிக்குச் சில ஆண்டுகளின் விவரம் விடுபட்டதும், சராசரி எடுத்த முறையும் காரணமாகும். சூத்திரப் பிழையின் பங்கு சிறிதே. எனினும் சூத்திரங்கள் பிறர் பார்வைக்குத் திறந்திருந்ததால்தான் இவை அனைத்தும் வெளிப்பட்டன. பூட்டு, சூத்திரத்தை மாற்றவிடாமல் காக்கட்டும். அதைப் படிப்பதைத் தடுக்க வேண்டாம்.

நடைமுறை

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். தேசிய சமூக உதவித் திட்டத்தின் கீழ் 40 முதல் 79 வயது வரையிலான வறிய கைம்பெண்களுக்கு மத்திய அரசின் பங்காக மாதம் 300 ரூபாய் வழங்கப்படுகிறது. ஒரு மாவட்டத்தின் பன்னிரண்டு வட்டாரங்களும் இவ்வுதவி பெறுவோர் பட்டியலை ஒரே பணிப்புத்தகத்தில் பராமரிப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர், ஊர், ஒப்புதல் நாள், வழங்கிய தொகை ஆகியவற்றோடு வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் அதில் உள்ளன. ஒரு வட்டாரத்தின் பணியாளர் மற்றொரு வட்டாரத்தின் கணக்கு எண்களைக் காண வேண்டிய தேவை இல்லை. பொதுமக்கள் பெயரையும் தொகையையும் காண வேண்டும், எண்களைக் காணலாகாது. தணிக்கையாளர் அனைத்தையும் காண வேண்டும்.

இத்தேவைகளை ஒரே கோப்பில் மறைத்தும் பூட்டியும் நிறைவேற்ற முயல்வதே இடருக்கு வித்திடுகிறது. செய்யத்தக்க முறை வருமாறு:

1. காண்போர் வேறுபட்டால் கோப்பும் வேறுபட வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திற்கும் தனிக் கோப்பு அமைத்து, அவ்வட்டார அலுவலருக்கு மட்டும் அனுமதி வழங்க வேண்டும். மாவட்ட அலுவலகம் அவற்றைத் தன் கோப்பில் தொகுத்துக்கொள்ள வேண்டும்.

2. வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் ஆகியவை மறையாக்கம் செய்த தனிக் கோப்பில் இருத்தல் நலம். பொதுப் பட்டியலுடன் அவற்றை இணைக்க ஒரு வரிசை எண் போதும்.

3. நிரப்பும் படிவங்களில் சூத்திரக் கட்டங்களையும் தலைப்புகளையும் பூட்ட வேண்டும். பதிவு செய்யத்தக்க மதிப்புகளுக்கு எல்லை வகுத்தால் வயதுக்குரிய கட்டத்தில் தொகை ஏறுவது போன்ற தவறுகள் குறையும்.

4. வெளியிட வேண்டிய நாளில், மூலக் கோப்பிலிருந்து வேண்டாதவற்றை அழித்து அனுப்பலாகாது. புதிய வெற்றுக் கோப்பைத் திறந்து, வெளியிடத்தக்க பத்திகளின் மதிப்புகளை மட்டும் அதில் ஒட்ட வேண்டும். இதுவே பழைய எழுத்தரின் படியெடுப்புக்கு ஒப்பான செயலாகும்.

5. அக்கோப்பைச் சி.எஸ்.வி. என்னும் எளிய எழுத்து வடிவில் சேமித்தால், சூத்திரம், குறிப்புரை, பிற தாள்கள், பிவட் அட்டவணையின் உட்படி ஆகியவை தாமாகவே நீங்கும். ஆனால் மறைந்த வரிசைகளும் பத்திகளும் சி.எஸ்.வி. கோப்பில் சேர்ந்தே வரும் என்பதால், முந்தைய படியை விட்டுவிட்டு இதை மட்டும் செய்தல் போதாது.

6. முடிவாக, அக்கோப்பைத் தயாரிக்காத மற்றோர் அலுவலர் அதைத் திறந்து, ஒவ்வொரு பத்தியையும் எண்ணிப் பார்த்து ஒப்பமிட வேண்டும். தயாரித்தவரின் கண் தான் எதிர்பார்ப்பதையே காணும்.

தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுக்கக் கொள்கை 2012இல் வகுக்கப்பட்டது முதல், அரசின் புள்ளிவிவரங்களைக் கணிப்பொறி படிக்கத்தக்க வடிவில் பொதுமக்களுக்கு வழங்கும் முயற்சி வளர்ந்து வருகிறது. ஆய்வு மாணவர்களுக்கும் திட்டமிடுவோருக்கும் இது பெரும் வாய்ப்பாகும். விரிதாளால் ஒருமுறை இடர்ப்பட்ட அலுவலகம், அடுத்த முறை அச்சத்தால் எதையும் வெளியிடாமல் இருந்துவிடக்கூடும். பாதுகாப்பின் குறைபாடு இவ்வாறு வெளிப்படைத்தன்மைக்கும் கேடாக முடிகிறது. எதை நீக்க வேண்டும் என்பதை முறைப்படி நீக்கக் கற்ற அலுவலகமே எஞ்சியதைத் தயக்கமின்றிக் கொடுக்க வல்லதாகும்.

அரசிடம் உதவி பெறும் ஏழைப் பெண் தன் கணக்கு எண்ணையும் அடையாள எண்ணையும் நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கிறார். அவ்வெண்கள் எந்தக் கோப்பின் எந்தப் பத்தியில் உள்ளன, அப்பத்தி யார் கையில் உள்ளது என்பவற்றை அவர் அறியார். அவற்றை அறிந்திருப்பது கோப்பைப் பராமரிக்கும் அலுவலரின் கடமையாகும். கோப்பில் இல்லாத செய்தி மட்டுமே கோப்பிலிருந்து வெளியேறாது என்ற எளிய உண்மையை மனத்திற்கொண்டு செயற்பட்டால், அக்கடமை செவ்வனே நிறைவேறும்.